70-ஆ, 80-ஆ, 90-ஆ? கொங்கு வானத்துக்குச் சிறிய லென்ஸ் தொலைநோக்கியை ஒப்பிட்டு வாங்க முழு வழிகாட்டி

பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தத் தொலைநோக்கியைத் தொடாமல் நகர்ந்துவிடுங்கள். 70 மி.மீ. லென்ஸ் தாங்கக்கூடிய உச்சம் 140 மடங்கு, அதுவும் காற்று அசையாத ராத்திரியில். சிறிய ரிஃப்ராக்டர்களை (லென்ஸ் தொலைநோக்கிகளை) ஒப்பிடும்போது பெரிதாக்கும் எண்ணுக்கு வேலையே இல்லை. லென்ஸின் விட்டம், குவியத் தூரம், கண்ணாடியின் தரம், படத்தைக் கூர்மையாக்கும் ஃபோகஸர், தாங்கி நிற்கும் ஸ்டாண்டு இவைதான் கணக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கடைசியாகச் சொன்ன ஸ்டாண்டிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். ஏன் என்பதற்கு நம் ஊரின் இருப்பிடமும் காற்றுமே காரணம்.

நம் ஊர் வானம் கேட்பது என்ன

கோவை 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஈரோடும் சேலமும் அதற்குச் சற்று மேலே, பொள்ளாச்சி சற்றுக் கீழே. சூரியனும் கோள்களும் நகரும் பாதை இங்கே ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. ஒரு கோள் தெற்கே மிகவும் இறங்கிப் போகிற காலத்திலும், உச்சம் தொடும் நேரத்தில் நமக்கு 55 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே கோள் லண்டன்காரருக்கு 15 டிகிரியில்தான் தெரியும். உயரத்தில் நிற்கும் கோளின் வெளிச்சம் குறைந்த காற்றைத்தான் கடந்து வருகிறது. அதனால் படம் அதிகம் நெளியாது, விளிம்பில் சிவப்பும் நீலமும் பிரியாது. வெளிநாட்டு விமர்சனங்களில் "இந்த 80 மி.மீ.யில் வியாழன் சுமார்தான்" என்று படித்தால், நம் மொட்டை மாடியில் அது அதைவிட நன்றாகவே தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குழாயைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிமிர்த்த வேண்டியிருக்கும். மலிவான ஸ்டாண்டுகள் பலவும் அந்த நிலையில்தான் மாட்டிக்கொள்ளும்.

துருவ நட்சத்திரமோ வடக்கு அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான். கையை நீட்டி ஒரு முஷ்டி வைத்தால் அவ்வளவுதான் உயரம். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ மறைத்துவிடும், மிச்சத்தைப் புழுதி மூடிவிடும். தெற்குப் பக்கம் நமக்கு வரப்பிரசாதம். அகத்திய நட்சத்திரம் 26 டிகிரி வரை ஏறும். மே மாதம் இரவு 9, 10 மணிக்குத் தென் சிலுவை 19 டிகிரியிலும், ஓமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து 31 டிகிரியிலும் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசிக் கடைசியில் தொடங்கும் மேல்காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் புரட்டாசி வரை ஓயாது. காற்றாலைகளை அங்கே நட்டது சும்மா இல்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அதன் எதிரே ஒரு மீட்டர் நீளக் குழாயை மெல்லிய அலுமினியக் காலில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல பார்வைக் காலம் தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகையை மழைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

லேபிளில் இருக்கும் இரண்டு எண்கள்

குழாயின் கழுத்தில் "விட்டம் 90, குவியத் தூரம் 900" என்ற மாதிரி எழுதியிருக்கும். இரண்டும் மி.மீ.யில். குவியத் தூரம் என்பது லென்ஸிலிருந்து படம் குவியும் இடம் வரை உள்ள தூரம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் எஃப் எண்: இங்கே எஃப்/10.

விட்டம்தான் வெளிச்சம் சேர்ப்பது. 70-ஐ ஒன்று என்று வைத்தால் 80 மி.மீ. 1.3 பங்கு, 90 மி.மீ. 1.65 பங்கு, 102 மி.மீ. 2.1 பங்கு வெளிச்சம் சேர்க்கும். நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் திறனும் விட்டத்தைப் பொறுத்ததுதான். 116-ஐ விட்டத்தால் வகுத்தால் எத்தனை ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) இடைவெளி உள்ள இரட்டை நட்சத்திரத்தைப் பிரிக்கலாம் என்று வரும். 70 மி.மீ.க்கு 1.66, 90 மி.மீ.க்கு 1.29. 60-லிருந்து 70-க்குப் போவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. 70-லிருந்து 90-க்குப் போனால் பார்த்தவுடன் தெரியும்.

குவியத் தூரம் மூன்று விஷயங்களைத் தீர்மானிக்கிறது: பெரிதாக்கும் அளவு, ஒரே பார்வையில் தெரியும் வானத்தின் பரப்பு, குழாயின் நீளம். பெரிதாக்கும் அளவு என்பது குவியத் தூரத்தை ஐபீஸின் (கண் வைக்கும் சிறு லென்ஸின்) எண்ணால் வகுப்பது: 900-ஐ 9-ஆல் வகுத்தால் 100 மடங்கு. பரப்புக்கு, 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் வைத்துப் பார்த்தால் 900 மி.மீ. குழாயில் 1.7 டிகிரி, 700-இல் 2.2 டிகிரி, 400-இல் கிட்டத்தட்ட 3.9 டிகிரி வானம் தெரியும். கார்த்திகைக் கூட்டம் சுமார் 2 டிகிரி அகலம். அதனால் 900 மி.மீ. குழாயில் கூட்டத்தின் ஓரம் வெட்டுப்படும், 400 மி.மீ. குழாயில் சுற்றிலும் கருப்பு வானத்தோடு முழுதாகத் தெரியும். குட்டையான குழாயை இதற்காகத்தான் வாங்க வேண்டும், பையில் அடங்கும் என்பதற்காக அல்ல.

ஊதா நிறப் பிசிறு: கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்

சாதாரண ரிஃப்ராக்டரில் முன்னால் இரண்டு லென்ஸ்கள் அடுத்தடுத்து இருக்கும்: ஒன்று கிரவுன் கண்ணாடி, மற்றது ஃபிளின்ட். அக்ரோமேட் என்பது இதுதான். இது சிவப்பையும் நீலத்தையும் ஓரிடத்தில் சேர்த்துவிடும், ஊதாவை விட்டுவிடும். அதனால் பளிச்சென்ற பொருள்களைச் சுற்றி ஊதாப் புகை தெரியும். நிலா விளிம்பிலும் வெள்ளியிலும் வியாழனிலும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

எவ்வளவு தெரியும் என்பதை வாங்கும் முன்பே கணிக்கலாம். எஃப் எண்ணை, லென்ஸ் விட்டத்தின் அங்குல அளவால் வகுங்கள். 25.4 மி.மீ. ஓர் அங்குலம். விடை 5-ஐ நெருங்கினால் நிறம் ஏறக்குறைய தெரியாது. 3-க்கு மேல் இருந்தால் தெரியும், உறுத்தாது. 2-க்குக் கீழே போனால் கோள்களுக்கு அந்தக் குழாய் ஆகாது. கீழே முதல் எண் விட்டம், அடுத்தது குவியத் தூரம், கடைசியில் விடை:

60/700: 4.9
70/900: 4.7
70/700: 3.6
90/900: 2.8
102/1000: 2.4
102/660: 1.6
80/400: 1.6
102/500: 1.2

இந்த வரிசையைப் பார்த்து 60/700-தான் சிறந்தது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நிறம் சுத்தமாக இருக்கும், ஆனால் காட்ட வெளிச்சமும் நுணுக்கமும் இருக்காது. 90/900-இல் வியாழனைச் சுற்றி மெல்லிய ஊதா இருக்கும். ஆனால் இரண்டு பட்டைகளுக்கு மேல் மூன்றாவதும் நான்காவதும் நல்ல இரவில் தெரியும். எங்கள் கணக்கில், சாதாரணக் கண்ணாடியில் நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் நடுவில் நல்ல சமரசம் 90/900 அல்லது 80/900 தான். 102/1000 இன்னும் கொஞ்சம் காட்டும். ஆனால் அந்த நீளத்தையும் எடையையும் அசையாமல் தாங்கும் ஸ்டாண்டு தனிச் செலவு. பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கையில் ஏற்கெனவே 102/500 இருந்தால் விற்க அவசரப்பட வேண்டாம். கருப்பு அட்டையில் நடுவே 60 மி.மீ. வட்டம் வெட்டி முன்னால் மாட்டினால் அது எஃப்/8.3 குழாயாகிறது, மேலே சொன்ன கணக்கு 3.5-க்கு ஏறுகிறது. நிலாவுக்கும் கோளுக்கும் அட்டையோடு, நட்சத்திரக் கூட்டங்களுக்கு அட்டை இல்லாமல். சில குழாய்களின் தூசி மூடியிலேயே நடுவில் ஒரு சிறு மூடி தனியே கழலும். அது இதற்குத்தான். வெளிர் மஞ்சள் ஃபில்டரும் ஊதாவைக் குறைக்கும், பதிலுக்குப் படமே மஞ்சள் பூசிக்கொள்ளும்.

ஈ.டி. கண்ணாடி என்பது வேறு சங்கதி. ஜப்பானின் ஒஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்.-51, எஃப்.பி.எல்.-53 வகைக் கண்ணாடிகள் நிறப் பிரிவைப் பெருமளவு அடக்கும். 53-தான் உயர்ந்தது. ஆனால் கண்ணாடியின் பெயர் மட்டும் போதாது, எஃப் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். எஃப்/7.5-இல் இருக்கும் 80 மி.மீ. ஈ.டி., கண்ணால் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட நிறமே இல்லாதது. எஃப்/5.5 அளவில் குறுகிய இரட்டை லென்ஸ் மேல் "ஈ.டி." என்று போட்டிருந்தாலும் 100 மடங்குக்கு மேல் ஊதா எட்டிப் பார்க்கும். மூன்று லென்ஸ் டிரிப்ளெட் எல்லாம் கேமரா மாட்டுகிறவர்களுக்கு. கனம், விலை, குளிர நேரம் எல்லாமே கூடுதல்.

ஸ்டாண்டு: பணத்தில் பாதி இங்கே போகட்டும்

ஒரே குழாயை நல்ல காலிலும் சொத்தைக் காலிலும் வைத்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு தொலைநோக்கி மாதிரி இருக்கும். 100 மடங்கில் குழாயின் சின்ன நடுக்கமும் நூறு மடங்காகத்தான் கண்ணுக்கு வரும். ஃபோகஸ் திருகைத் தொட்டவுடன் சனி கிரகம் துள்ளினால் எது கூர்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டிப் பார்க்கும் சோதனை எளிது. 80 மடங்குக்கு மேல் வைத்து ஒரு நட்சத்திரத்தை, பகலானால் தூரத்து மின் கோபுரத்தின் இன்சுலேட்டரை, நடுவில் கொண்டுவாருங்கள். குழாயின் பின்பக்கத்தை ஒரு விரலால் லேசாகத் தட்டிவிட்டு வாய்விட்டு எண்ணுங்கள். இரண்டு விநாடிக்குள் நின்றால் அருமை. மூன்று, நான்கு என்றால் சமாளிக்கலாம். ஐந்தைத் தாண்டினால் காற்றில்லாத இரவில்கூட எரிச்சல்தான்.

ஸ்டாண்டு வகைகளை நம் ஊர்க் கண்ணோடு பார்ப்போம். குழாயை இருபுறமும் கவ்வும் கவட்டை வகைதான் மலிவான செட்களில் வரும். பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும், அதைத் தளர்த்தி இறுக்கி உயரம் மாற்ற வேண்டும். 65, 70 டிகிரியைத் தாண்டும்போது அந்தக் கம்பி முட்டிக்கொள்ளும், அல்லது குழாயின் பின்பக்கம் காலில் இடிக்கும். வியாழன் தலைக்கு மேலே ஜொலிக்க, நீங்கள் அது சாயும் வரை காத்திருக்க வேண்டியதாகிவிடும்.

மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் ஏ.இசட்.3 வகையில் நுண் அசைவுத் திருகுகள் உண்டு, நல்ல வசதி. ஆனால் மேலும் கீழும் ஆடும் அச்சு குழாய்க்குக் கீழே இருப்பதால், உச்சியை நோக்கி நிமிர்த்தும்போது எடை பின்னால் சாய்ந்து குழாய் தானாகச் சரியப் பார்க்கும். இதற்குக் குழாயை வளையத்தில் கொஞ்சம் முன்னே தள்ளி, ஐபீஸ் மாட்டிய நிலையில் சமன் பார்த்து வையுங்கள்.

குழாயை ஒரு பக்கமாகத் தாங்கும் ஒரு-கை வகைதான் நமக்குப் பொருத்தம். ஏ.இசட்.5, போர்ட்டா மாதிரியானவை இந்த வகை. குழாய் ட்ரைபாடுக்கு வெளியே தொங்குவதால் பெரும்பாலும் உச்சி வரை தடையில்லை. 90/900 குழாய் ஏறக்குறைய 3 கிலோ வரும். ஸ்டாண்டின் தாங்கு எடை அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நீளக் குழாய்க்கு அதே எடையுள்ள குட்டைக் குழாயைவிட வலுவான கால் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

வானம் சுழல்வதைப் பின்தொடரும் ஈக்குவடோரியல் என்ற ஈ.க்யூ. வகையை "இதுதான் புரொஃபஷனல்" என்று கடையில் தலையில் கட்டுவார்கள். அதன் அச்சைத் துருவத்தை நோக்கி, அதாவது நமக்கு வெறும் 11 டிகிரி சாய்வில் வைக்க வேண்டும். அவ்வளவு கீழே இறக்கும்போது பல சிறிய ஈ.க்யூ. தலைகளில் சாய்வுத் திருகு இடிக்கும், எடைக்கல் மாட்டிய கம்பி ட்ரைபாட் காலில் முட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒன்று செய்யலாம். வழக்கமாகச் சொல்வதுபோல ஒரு காலை வடக்கே வைக்காமல், ஒற்றைக் காலைத் தெற்கே வைத்து, வடபுறம் இரண்டு கால்களுக்கு நடுவே எடைக்கம்பி இறங்கும்படி திருப்பிவிடுங்கள். துருவ நட்சத்திரம் தெரியாத மாடியில் திசைகாட்டியால் வடக்கு பார்த்து, சாய்வு அளவில் 11 வைத்தாலே கண்ணால் பார்க்கப் போதும். கேமரா ஆசை இல்லாதவருக்கு இந்த வகையே வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி.

கிடைத்த ஸ்டாண்டை இறுக்கமாக்க வழிகள் உண்டு. கால்களை முழுக்க நீட்டாதீர்கள். உட்கார்ந்து பார்க்கும் உயரம் போதும். பிளாஸ்டிக் ஸ்டூல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் மாற்றும் இருக்கை தயார். கண் வைக்கும் இடம் 900 மி.மீ. குழாயில் ஓரடிக்கு மேல் ஏறி இறங்கும். நடுத் தட்டுக்குக் கீழே 5 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிடலாம், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில்; ஆடினால் பயனில்லை. உள்ளீடற்ற அலுமினியக் காலில் காய்ந்த மணல் நிரப்புவதும் நடுக்கத்தைக் குறைக்கும். காற்றுக் காலத்தில் மேற்கே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்து, தோட்டமானால் சாளைக்குக் கிழக்குப் பக்கமாக, உட்காருங்கள்.

கோவைக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு. கணபதி, பீளமேடு பக்கம் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. குழாயின் அடியில் இருக்கும் டவ்டெயில் பட்டை, எடைக்கல், அடாப்டர் எதுவானாலும் மாதிரி கொடுத்தால் அலுமினியத்தில் செய்து தருவார்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் பழைய பட்டையையே கையில் கொடுங்கள். சாய்வு கொஞ்சம் தவறினாலும் கவ்வாது. தோட்டத்தில் நிரந்தர இடம் இருந்தால் 4 அங்குல ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட்டில் நட்டு, உள்ளே மணல் நிரப்பி, மேலே தகடு வெல்டிங் வைத்துவிட்டால் எந்த ட்ரைபாடும் அதன் பக்கத்தில் நிற்காது.

கூடவே வரும் சில்லறைச் சாமான்

ஐபீஸ் மாட்டும் துளை 31.7 மி.மீ., அதாவது 1.25 அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய, 24.5 மி.மீ. துளை இருந்தால் அது பொம்மை. செட்டில் வரும் "எஸ்.ஆர். 4", "எச் 6" ஐபீஸ்களை டிராயரில் போட்டு மறந்துவிடலாம். 3 மடங்கு பிளாஸ்டிக் பார்லோவும் (பெரிதாக்கலைக் கூட்டும் இடை லென்ஸ்) அப்படியே.

90/900-க்கு 32 அல்லது 25 மி.மீ. பிளாசல் ஒன்று, 9 மி.மீ. ஒன்று, பிறகு 6 மி.மீ. ஒன்று. இதற்கு மேல் தேவையில்லை. 66 டிகிரி அகலப் பார்வை என்று விற்கும் தங்கக்கோடு போட்ட மலிவு ஐபீஸ்களில் 6-உம் 9-உம் நன்றாக இருக்கும். ஸ்டாண்டு கையால் நகர்த்துவது என்றால் அகலப் பார்வை கூடுதல் லாபம். 100 மடங்கில் 52 டிகிரி ஐபீஸில் ஒரு கோள் இரண்டு நிமிடத்தில் ஓடிப்போகும், 66-இல் இரண்டரை நிமிடத்துக்கு மேல் நிற்கும். 80/400 வாங்குகிறவர் 100 மடங்கு வேண்டுமானால் 4 மி.மீ. ஐபீஸ் தேட வேண்டும். குட்டைக் குழாயின் மறைமுகச் செலவு இது.

டயகனலில், அதாவது ஐபீஸுக்கு முன்னால் ஒளியைத் திருப்பிவிடும் துண்டில், ஏமாறாதீர்கள். 45 டிகிரி வளைவில் நேர்ப்படம் காட்டும் பிரிசம் பறவை பார்க்க நல்லது. தலைக்கு மேலே இருக்கும் கோளுக்கு அதை வைத்தால் கழுத்து ஒடிந்துவிடும். பளிச்சென்ற கோளின் குறுக்கே ஒரு வெளிச்சக் கோடும் வரும். நமக்குத் தேவை 90 டிகிரி டயகனல்.

பகலிலேயே செய்ய வேண்டிய சோதனை

முதலில் உண்மையான விட்டத்தை அளந்துபாருங்கள். சில மலிவுக் குழாய்களில் முன் லென்ஸுக்குப் பின்னால் ஒரு வளையத்தைப் போட்டு விட்டத்தைச் சுருக்கியிருப்பார்கள், குறைகள் தெரியாமல் இருக்க. தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் செய்துவிட்டு, இருட்டறையில் ஐபீஸுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மொபைல் டார்ச்சை அடியுங்கள். முன் லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்ச வட்டம் விழும். அதை ஸ்கேலால் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். 70 என்று எழுதியதில் 55, 60 வந்தால் திருப்பி அனுப்ப அதுவே காரணம்.

அடுத்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வானத்துக்கு எதிரே நிற்கும் தென்னை ஓலையைப் பாருங்கள். ஓலை நுனிகளின் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் பச்சை மஞ்சள் தெரியும். இரண்டு குழாய்களை ஒரே பெரிதாக்கலில் வைத்தால் எதில் குறைவு என்று சட்டென்று பிடிபடும். பார்வையின் நடுவில் வைத்தே பாருங்கள், ஓரத்து நிறத்தில் ஐபீஸின் பங்கும் உண்டு.

பிறகு ஃபோகஸர். அதன் உள்குழாயை நீட்டிவிட்டு விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? பற்சக்கரத்தின் மேல் இருக்கும் சின்னத் திருகுகளைக் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். அதன் பிறகும் ஆடினால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை உள்ளே செருகலாம். தொழிற்சாலையில் பூசிய பிசின் போன்ற கிரீஸ் கெட்டியாக இருந்தால் துடைத்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள், லென்ஸ் பக்கம் போகாமல்.

இரவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து

மொட்டை மாடிக் கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு 9, 10 மணி வரை கக்கும். அந்த நேரத்தில் செய்யும் ஒப்பீடு கான்கிரீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். சாயங்காலமே தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அல்லது மண் தரைக்கு, களத்துக்குப் போங்கள். தகரக் கூரைக்கு மேலே தெரியும் கோளைப் பார்க்காதீர்கள். குழாய்களை 20 நிமிடம் வெளியே வைத்துக் குளிரவிட்ட பிறகு தொடங்குங்கள்.

விதி ஒன்றுதான்: பெரிதாக்கல் சமமாக இருக்க வேண்டும். 70/700-இல் 7 மி.மீ., 90/900-இல் 9 மி.மீ. வைத்தால் இரண்டும் 100 மடங்கு. ஒரே ஐபீஸை மாற்றி மாற்றிப் போட்டு "இதில் பெரிதாகத் தெரிகிறது, இதுதான் நல்லது" என்று முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

உயரத்தில் இருக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை எடுத்து, கூர்மைக்கு இரு பக்கமும் சற்று ஃபோகஸ் கலையுங்கள். இரு பக்கமும் வட்ட வளையங்கள் ஒரே மாதிரி தெரிந்தால் லென்ஸ் நல்லது. வளையங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கினால் லென்ஸ் அச்சு தவறியிருக்கிறது. நீள்வட்டமாகி, மறு பக்கம் கலைக்கும்போது குறுக்கே திரும்பினால் அஸ்டிக்மேட்டிசம், அதாவது வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாத குறை. தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில். முக்கோணமாகத் தெரிந்தால் லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் அளவுக்கு மேல் இறுக்கம். வளையத்தை ஒரு நூல் தளர்த்தினால் போதும்.

நட்சத்திர ஜோடிகள் நேர்மையான நீதிபதிகள். மிதுனத்தின் காஸ்டர் 5.5 ஆர்க் செகண்ட், சிம்மத்தின் அல்ஜீபா 4.7, தென் சிலுவையின் அடி நட்சத்திரம் 4. நல்ல 60 மி.மீ.யே இவற்றைப் பிரிக்க வேண்டும். வீணை மண்டலத்தின் இரட்டை-இரட்டை ஒவ்வொன்றும் 2.3 ஆர்க் செகண்ட். 70 மி.மீ. திணறும், 90 மி.மீ. 120 மடங்கில் இடைவெளியைக் கருப்பாகக் காட்டும். ஓரியன் என்ற வேட்டைக்காரன் மண்டலத்தின் ரைகல் அருகே 9.5 ஆர்க் செகண்டில் ஒரு மங்கல் துணை உண்டு. அது தெரிந்தால் லென்ஸில் வெளிச்சச் சிதறல் குறைவு.

சனி வளையம் 2025-இல் விளிம்பைக் காட்டிக் கோடாக மெலிந்தது. 2032 வரை மெல்ல விரியும். வளையத்தைப் பிரிக்கும் காசினி என்ற கருப்பு இடைவெளி தெரியவில்லையே என்று இப்போதே குழாயைக் குறை சொல்ல வேண்டாம்.

இருட்டு வானம் தேடி மலையேற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனைகட்டி, வால்பாறை, தாளவாடி எல்லாம் யானை நடமாடும் காடுகள், திம்பம் பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தெரிந்தவர் தோட்டமே 90 மி.மீ.க்குத் தாராளம்.

சூரியன்

2019 டிசம்பர் 26-இல் கங்கண கிரகணம் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாகவே போனது. 2031 மே 21-இல் அடுத்தது தெற்கே நெருங்கி வருகிறது. அதற்கென்று தொலைநோக்கி வாங்குகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். ஐபீஸில் திருகும் "சன்" ஃபில்டர் செட்டில் வந்தால் சுத்தியலால் உடைத்துப் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் அடுத்த நொடி கண் போய்விடும். சூரியனுக்கென்று செய்த ஃபில்டர் முன் லென்ஸை முழுதாக மூட வேண்டும், காற்றில் கழலாதபடி டேப் ஒட்ட வேண்டும், ஃபைண்டருக்கும் (குறி பார்க்கும் சிறு குழாய்) மூடி போட வேண்டும்.

பனி, பூஞ்சை, தூசி

மார்கழி, தையில் விடியற்காலைப் பனி முன் லென்ஸில் படியும். கூடவே வரும் மூடுகுழல் போதாது. யோகா பாய்த் துண்டைச் சுருட்டி விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு மாட்டினால் தள்ளிப்போகும். படிந்துவிட்டால் துடைக்கவே கூடாது, ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் ஆற்றுங்கள். ஈரத்தோடு மூடி போட்டுப் பெட்டியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நூறு கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

தூசியை ஊதுபந்தால் மட்டும் ஊதுங்கள். வேட்டி முனையால் துடைத்த லென்ஸில் கோடு விழுந்தது விழுந்ததுதான். கொஞ்சம் தூசி படத்தைக் கெடுக்காது. இரண்டு லென்ஸ்களையும் பிரித்துச் சுத்தம் செய்யும் எண்ணமே வேண்டாம்: நடுவில் மெல்லிய தாள் துண்டுகள் இடைவெளி காக்கும், ஒன்று நழுவினாலும் படம் போய்விடும்.

எப்போது வாங்குவது

ஆன்லைனில் திருப்பி அனுப்ப ஒரு வாரம், பத்து நாள்தான் கொடுப்பார்கள். ஐப்பசியில் வாங்கினால் வானம் வெளுக்கும் முன் கெடு முடிந்துவிடும். தையில் வாங்குவது உத்தமம். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

மழைக்காலத்தில்தான் வாங்க முடிந்தது என்றால் சற்று வெயில் அடிக்கும் ஒரு பகலிலேயே நட்சத்திரச் சோதனையை முடித்துவிடலாம். பேரிங் கடையில் 10 மி.மீ. இரும்புக் குண்டு ஒன்று வாங்கி, கருப்புத் துணியில் ஒட்டி, 30 மீட்டர் தள்ளி வெயிலில் வையுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். குண்டில் தெரியும் சூரியப் புள்ளி 90 மி.மீ. லென்ஸுக்கு நட்சத்திரம் போலவே சின்னது. 900 மி.மீ. குழாயில் இவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் கிடைக்க ஃபோகஸர் சுமார் 28 மி.மீ. கூடுதலாக வெளியே வர வேண்டும், பெரும்பாலும் வரும். 100 மடங்கு வைத்து, ஃபோகஸை இரு பக்கமும் கலைத்து, மேலே சொன்ன வளையங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினாலோ நீள்வட்டமானாலோ மொபைலை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்து, அன்றைக்கே ரிட்டர்ன் போட்டுவிடுங்கள்.